பலகாரச் சீசனும் ஞாயிற்றுக்கிழமையும்

காரைக்குடியில் பலகாரத் தொழில் செய்கிறவர்களுக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை. ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும்போதுதான் பிறக்கிறது. அன்று மூட்டிய அடுப்பு லேசில் அணையாது. கல்யாணச் சீர், விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, எங்களுக்குக் கிறிஸ்துமஸ், அதன் பிறகு தை முகூர்த்தங்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், மனகோலம் என்று மாற்றி மாற்றிச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சென்னைக்கும் கோவைக்கும் பார்சல் போகும். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள். வீட்டின் பின்கட்டில் அடுப்புப் போட்டு, நான்கு பெண்களை வேலைக்கு வைத்து இந்தத் தொழிலை நடத்துகிறேன். நான் கிறிஸ்தவப் பெண்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், விசுவாசத்தில் பின்வாங்காமல் இருப்பது பற்றிப் பேசச் சொல்லி என்னை எழுப்பிவிட்டார்கள். அங்கே பேசியது கொஞ்சம். நேரம் போதாமலும் கூச்சத்தாலும் விட்டது நிறைய. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கஷ்டம் வந்தால்தான் விசுவாசம் ஆட்டம் காணும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது வேறு. கடன் கழுத்தை நெரித்த வருடங்களில் என் வீட்டுக்காரரும் நானும் பாயைச் சுருட்டும் முன்பே முழங்காலில் நின்றிருப்போம். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சங்கீதங்களை வரிசையாக வாசித்தேன். வேறு போக்கிடம் இல்லாதவளுக்கு ஜெபம் தானாக வந்துவிடுகிறது. கடன் அடைந்து, பெரிய கிரைண்டர் வாங்கி, பின்கட்டுக்குக் கூரை போட்டு, ஆர்டர் நோட்டில் எழுத இடமில்லாமல் போன பிறகுதான் ஜெபத்தை நான் தேடிப் போக வேண்டியிருந்தது.

உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே இதைத்தான் எச்சரிக்கிறார். வனாந்தரத்தில் பசித்திருந்தபோது மறந்துவிடுவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துவிடாதபடி எச்சரிக்கையாக இரு என்கிறார். செட்டிநாட்டில் குடியிருந்துகொண்டு 'நல்ல வீடுகள்' என்ற சொல்லை வெறுமனே கடந்து போக முடியாது. ஜன்னலைத் திறந்தால் எதிரே அப்படி ஒன்று நிற்கிறது.

பக்கத்து ஊர்களில் இருக்கும் அந்தப் பெரிய வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. பர்மாவில் தொழில் செய்து, அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து கட்டியவை பல. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அந்த வரவு முறிந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இன்று கல்யாணத்துக்கும், முன்னோரை நினைத்துச் செய்யும் படைப்புக்கும்தான் பல வீடுகளில் முகப்புக் கதவு திறக்கிறது. கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்: "ஆளே இல்லாத வீட்டில் உங்களுக்கு அப்படி என்ன வேலை?" அவர் என்னைத் தட்டோடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பட்டாலை என்கிற முன்கூடத்தைக் கடந்து இரண்டாம் கட்டில் ஓரிடத்தைக் காட்டினார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே உத்தரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. போன ஐப்பசி மழையில் ஒரே ஓர் ஓடு நகர்ந்ததாம். வாரம் ஒரு நாள் எல்லாக் கதவையும் திறந்து காற்று விடுகிற வழக்கம் இருந்ததால் கண்ணில் பட்டது. இல்லையென்றால் அடுத்த கல்யாணத்துக்குத் திறக்கும்போது மரம் போயிருக்கும் என்றார். பண்டிகைக்கு மட்டும் திறக்கிற விசுவாசமும் அந்த வீடு மாதிரிதான். கிறிஸ்துமஸுக்கும் புது வருட ஆராதனைக்கும் ஜொலிக்கும். ஓடு நகர்ந்தது தெரியாது.

தெரியாது என்பதுதான் இதில் பயங்கரமான பகுதி. ஓசியா ஏழாம் அதிகாரத்தில் எப்பிராயீமைப் பற்றி, அதாவது இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றி வருகிறது: அந்நியர் அவன் பலத்தைத் தின்கிறார்கள், அவன் அதை அறியான், நரைமயிர் தெளித்திருக்கிறது, அதையும் அறியான். சிம்சோனும் கர்த்தர் விலகினதை அறியாமல்தான் எப்போதும்போல உதறிக்கொண்டு எழுந்தான். மறுதலித்துவிட்டுப் போகிறவனுக்கு நாள் நேரம் தெரியும். மெல்ல விலகுகிறவனுக்குத் தெரிவதில்லை. அதனால் எனக்கென்று சில அடையாளங்களை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். பிரசங்கம் கேட்கும்போது 'இது இன்னாருக்குச் சொன்னது' என்று வேறொருவர் முகம் மனதில் வந்தால் அது ஒன்று. வேலைக்கு வரும் பெண் தேன்குழலைக் கருக்கிவிட்டதற்கு நான் போடும் சத்தம் தேன்குழலின் விலையைவிடப் பெரிதாக இருந்தால் அது இன்னொன்று. சாப்பாட்டு ஜெபம் வாய்ப்பாடு போல ஓடுவது, காணிக்கைக்குப் பர்சைத் திறக்கும்போது கை சிறிய நோட்டைத் தேடுவது, இவையும் உண்டு. பாவம் என்று எவரும் சபையில் நிறுத்திக் கேட்கும் காரியங்கள் அல்ல இவை. அதனாலேயே கவனிக்க வேண்டியவை.

இனி, செய்து பார்த்து நிலைத்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஞாயிறு. முகூர்த்தங்கள் பெரும்பாலும் விடுமுறை நாளைப் பார்த்து வைக்கப்படுவதால், எங்கள் தொழிலில் ஞாயிறுதான் வருமானம் கூடிய நாள். 'இந்த வாரம் மட்டும்' என்று ஒப்புக்கொண்டால் ஆவணியில் தொடங்குவது தைவரை போகும். நான் செய்வது இதுதான்: புது ஆர்டர் நோட்டு வாங்கியதும், ஒரு ஆர்டர்கூட எழுதும் முன், எல்லா ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டுவிடுவேன். ஆள் வந்து முன்பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது தீர்மானம் எடுப்பது என்னால் ஆகாது. சீசன் இல்லாத ஆடி மாதத்தில், பணத்தின் வாசனை இல்லாத ஒரு மத்தியானத்தில், அமைதியாக எடுக்கும் தீர்மானம்தான் நிற்கிறது. ஞாயிறு கல்யாணம் என்றால் சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் சரக்கு அவர்கள் வீட்டில் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேன்குழலும் சீடையும் ஒரு நாளில் நமத்துப்போகிற பண்டங்கள் அல்ல. ஒப்புக்கொள்கிறவர்கள் வருகிறார்கள். சில பெரிய ஆர்டர்கள் கைமாறிப் போயின. போனால் போகிறது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்த மாதம் வயிறு எரிந்தது உண்மை.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள். நான் ஆராதனைக்குப் போய்விட்டு, வேலைக்கார பெண்களை அடுப்பில் நிறுத்தினால் அது ஓய்வுநாள் ஆகாது. யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. என்னிடம் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர்களுக்கும் ஞாயிறு விடுமுறை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றி, கறி எடுத்துச் சமைத்து, மத்தியானம் படுத்துத் தூங்குகிறார்கள். அதைவிட நல்ல சாட்சி என் வாயிலிருந்து வரப்போவதில்லை.

அடுத்தது வாசிப்பு. 'அதிகாலையில் ஒரு மணி நேரம்' என்று சொல்கிறவர்களை மதிக்கிறேன். ஆனால் அவர்களில் எத்தனை பேர் நான்கு மணிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. சீசனில் என் அதிகாலை எனக்குச் சொந்தமில்லை. அதனால் வேலைக்குள்ளேயே இருக்கும் ஒரு இடைவெளியைத் தேடிப் பிடித்தேன். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, நிழலில் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்புவோம். வெயிலில் காயவைத்தால் மாவு வறண்டு, எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். ஈரம் அதிகம் நின்றாலும் பாகோடு சேராது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் அரிசி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் படியக்கூடாது. அதுதான் இடிக்கும் பதம். அந்தப் பதம் வரும்வரை அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் அந்த நேரம் போனில் போகும். இப்போது அதே வேட்டியின் ஓரத்தில் முக்காலி போட்டு வேதாகமத்தை விரிக்கிறேன். பக்கங்களில் அரிசி மாவு ஒட்டியிருப்பதால் என் மகன் கேலி செய்வான். செய்யட்டும். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு, பம்புசெட் ஓடி முடியும்வரை வயலில் நிற்கிறவர்களுக்கு, எல்லோருக்கும் இப்படி ஒரு நேரம் இருக்கத்தான் செய்கிறது.

எதை வாசிப்பது என்பதிலும் ஒரு கட்டாயம் வைத்துக்கொண்டேன்: ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் முடிக்கும்வரை வேறொன்றுக்குத் தாவுவதில்லை. வாட்ஸ்அப்பில் காலையில் வந்து விழும் பூப்போட்ட வசனங்களைக் குறை சொல்ல மாட்டேன், அனுப்புகிறவர்களின் அன்பு அது. ஆனால் அதைப் பார்த்து ஆமென் என்று தட்டிவிட்டால் வேதம் வாசித்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது, அங்கேதான் சிக்கல். புது வருடத்தில் சபையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். எரேமியா 29:11 எத்தனை வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்குகிறது! தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தை வாசித்தால், பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களிடம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்குத்தத்தம் வருகிறது. முழு அதிகாரத்தையும் வாசித்தவள் அடுத்த மாதமே அற்புதம் நடக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போக மாட்டாள். அட்டையை மட்டும் வாசித்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

தராசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று நீதிமொழிகளில் இருப்பதைப் பிரசங்கத்தில் எல்லோரும் தலையாட்டிக் கேட்போம், ஏனென்றால் மளிகைக்கடைக்காரர் ஞாபகம் வரும். என் தொழிலில் அது இப்படி வருகிறது: கால் கிலோ பாக்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவின் எடையும் சேர்த்துக் கால் கிலோவா, பலகாரம் மட்டும் கால் கிலோவா? ஒரு பாக்கெட்டில் ஒன்றிரண்டு சீடைதான் வித்தியாசம். ஒரு சீசனுக்குக் கூட்டிப் பார்த்தால் நல்ல தொகை. தீபாவளிக்கு முந்தின நாள் சட்டியில் கறுத்துப்போன எண்ணெயைக் கொட்டுவதா, இன்னும் ஒரு ஈடு எடுப்பதா? கேட்க ஆள் கிடையாது. வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. 'கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்' என்று இயேசு சொன்ன அந்தக் கொஞ்சம் என் வீட்டில் இதுதான். டப்பாவைத் தராசில் வைத்து முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பலகாரம் போட வேண்டும் என்று வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் இல்லாத நேரத்திலும் அவர்கள் அப்படியே செய்கிறார்கள் என்பதால், இப்போது நான் நினைத்தாலும் மாற்றிச் சொல்ல முடியாது. அதுவும் ஒரு பாதுகாப்புத்தான்.

தராசில் நேர்மை தளர்ந்தவர்களுக்கு ஜெபத்திலும் வாய் அடைத்துப்போகிறது. இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். சபைக்கு வராமல் போனதற்கு அவர்கள் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். போதகர் ஐயா சரியில்லை, கமிட்டியில் சண்டை, பாட்டு சரியில்லை என்பார்கள். பேசிக்கொண்டே போனால் அடியில் ஒரு கணக்கு விவகாரம் கிடக்கும், அல்லது வீட்டில் மூடிவைத்த ஒரு கோபம்.

இந்த ஊரில் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம். அக்கம்பக்கம் முழுக்க வேறு நம்பிக்கை உள்ளவர்கள். 'அங்கே இருந்துகொண்டு விசுவாசத்தைக் காப்பாற்றுவது கஷ்டமாயிற்றே' என்று நாகர்கோவில் பக்கத்து உறவினர்கள் பரிதாபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. என் முதல் ஆர்டரைக் கொடுத்தவர் எங்கள் தெரு ஆச்சி ஒருவர்தான். விநாயகர் சதுர்த்திக்குப் படையலுக்கான கொழுக்கட்டையையும் என்னையே செய்யச் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் பவுல் இதே மாதிரிக் கேள்விக்கு எட்டாம் அதிகாரம் தொடங்கிப் பத்துவரை பதில் சொல்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிப் புசி என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் உன்னிடம் சொன்னால், சொன்னவர் நிமித்தம் புசியாதே என்கிறார். போதகர் ஐயாவிடமும் கேட்டேன். அவர் அந்த அதிகாரங்களை வாசித்து ஜெபித்துவிட்டு முடிவெடுக்கச் சொன்னாரே தவிர, இப்படிச் செய் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஆச்சியிடம் போய், "ஆச்சி, விற்பனைக்கு எது கேட்டாலும் செய்து தருகிறேன். படையலுக்கென்றே செய்வதற்கு மட்டும் எனக்கு மனது ஒப்பவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இதற்கா இவ்வளவு தயங்கினாய்? நோன்புக்கும் படையலுக்கும் நாங்கள்தான் செய்ய வேண்டும். என் மூட்டுவலிக்காக உன்னிடம் கேட்டேன். உன் சாமிக்கு நீ பயப்படுவது நல்லதுதானே. கல்யாணப் பலகாரம் நீதான் செய்கிறாய், அதில் மாற்றமில்லை" என்றார்.

அந்த வருடம் கார்த்திகை தொடங்கி பிள்ளையார் நோன்பு முடியும்வரை அவர் வீட்டில் என்ன செய்தாலும், சாமிக்கு வைக்கும் முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, "இது வைக்காதது" என்று சொல்லி என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டிலிருந்து கேக்கும் முறுக்கும் அங்கே போகும். எங்கள் சபையில் சிலர் என்னைவிடக் கண்டிப்பானவர்கள், அந்த வீட்டுப் பணியாரத்தையே தொடமாட்டார்கள். சிலர் என்னைவிடத் தாராளமானவர்கள். அவரவர் மனச்சாட்சி. நான் சொல்ல வருவது, மரியாதையோடு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிப் போராட்டம் தீர்ந்துவிடுகிறது. மழுப்பிக்கொண்டே இருப்பவர்கள்தான் கடைசியில் எந்தப் பக்கமும் இல்லாமல் போகிறார்கள். என்னை ஆண்டவரிடமிருந்து இழுத்தது ஆச்சி வீட்டுப் படையல் அல்ல, என் சொந்த ஆர்டர் நோட்டு.

தை கடைசியில் தேவகோட்டை வழியாக ஓரியூருக்கு நடந்து போகும் கத்தோலிக்கச் சகோதரிகளைப் பார்ப்பேன். போர்ச்சுகலிலிருந்து வந்த மிஷனரி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட ஊர். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்தவர் அவர். இளவரசராக இருந்த பேதுரு அவருடைய பால்ய நண்பர். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு விடுதலையான பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அந்த நண்பர் போர்ச்சுகலின் ராஜாவாகியிருந்தார், அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். நான் புராட்டஸ்டண்டு, புனிதர் வணக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் அவர் கதையில் வாளைவிட அந்த அரண்மனைதான் என்னை யோசிக்க வைக்கிறது. வெட்டுப்பட்டது ஒரு நாள். சௌகரியமான ஊரில், மரியாதையான வேலையில், நண்பர் கையைப் பிடித்து இரு என்று சொல்லும்போது கப்பலேறித் திரும்பி வந்தாரே, அதற்கு எத்தனை நாள் மனதோடு மல்லுக்கட்டினாரோ.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு உறவில்லை, சபை முழுவதும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். ஆராதனை முடிந்ததும் 'நல்லா இருக்கிறாயா' என்று கேட்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. "இந்த வாரம் எங்கே வாசிக்கிறாய்? எந்த வசனம் உறுத்தியது?" என்பார். உறுத்தவில்லை என்றால், "அப்படியானால் வேகமாக வாசித்திருக்கிறாய்" என்பார். நர்ஸ் புத்தி, நாடி பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார். சனிக்கிழமை ராத்திரி களைத்துப் படுக்கும்போது, நாளைக்குப் பெரியம்மா கேட்பாரே என்பதற்காகவே எழுந்து விளக்கைப் போட்ட நாட்கள் உண்டு. மனுஷருக்குப் பயந்து வாசிப்பது பக்தியா என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. படிக்கட்டில் ஏறக் கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் சபையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நீங்களே போய் ஒருவரைக் கேளுங்கள். வயதில் மூத்தவராக, உங்களிடம் பலகாரமோ கடனோ வாங்காதவராக இருக்கட்டும். முகஸ்துதி இல்லாமல் பேசுவதற்கு அது உதவும்.

2020 ஊரடங்கில் சபைகள் மூடியபோது போனில் ஆராதனை பார்க்கப் பழகினோம். அன்றைக்கு அது ஒரு கொடை. கதவு திறந்த பிறகும் போனிலேயே தங்கிவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பற்றிப் பேச்சில்லை. நடமாட முடிகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டு போனில் பிரசங்கம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல பிரசங்கங்கள்தான், எங்கள் ஐயாவைவிட நன்றாகப் பேசுகிறவர்கள்தான். ஆனால் போனில் எனக்குப் பிடிக்காதவர் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. நற்கருணைக்கு முழங்காலிடும்போது, போன மாதம் என்னோடு சண்டை போட்டவளின் முழங்கை என் மேல் இடிக்க வேண்டும். அந்த இடிதான் என்னை மன்னிக்க வைக்கிறது.

மனம் வறண்டுபோகும் காலமும் வரும். பாவமும் இல்லை, சோம்பலும் இல்லை, ஆனாலும் ஜெபித்தால் சுவரோடு பேசுவது போல இருக்கும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் இதைப் பின்மாற்றம் என்று பயந்து, பயத்தினாலேயே விட்டுவிடுகிறார்கள். பெரியம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது, அப்படிப்பட்ட நாட்களில் சொந்த வார்த்தையைத் தேடாதே, 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசி என்பது. 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று தாவீதே கேட்டிருக்கிறார். கேட்டது கர்த்தரிடத்தில்தான், வேறெங்கும் போய்ப் புலம்பவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு ஆதி அன்பை விட்டாய் என்று சொன்ன இயேசு, அன்பைத் திரும்ப உணரு என்று கட்டளையிடவில்லை. ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்றார். கையும் காலும் செய்கிற காரியங்கள். உணர்வு பின்னால் வரும், சில வேளை ரொம்பப் பின்னால்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சீசன் பணம் கைக்கு வந்த அன்றே, சீட்டுக்கும் நகைக்கும் முன்னால், ஆண்டவருக்கு உள்ளதை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் மீதியிலிருந்து எடுக்கலாம் என்றால் மீதி இருக்காது. அறுப்பின் பண்டிகையில் என் அதிரசத் தட்டை ஏலம் விடும்போது அதன் விலைக்கு மேல் பல மடங்கு போவதைப் பார்த்துப் பெருமை வரும். அந்தப் பெருமையையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பின்வாங்கிப் போனவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் சபைப் பெண் ஒருத்தி பல மாதங்களாக வரவில்லை. ஆள் மாற்றி ஆள் போய் எபிரெயர் பத்தாம் அதிகாரத்தை, சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்பதை, அவளுக்கு ஒப்பித்துவிட்டு வந்தார்கள். நான் போனபோது மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டேன். பேசியதெல்லாம் அவள் மாமனாரின் சர்க்கரை வியாதியைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தனியே விட்டு வர முடியாததுதான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஐக்கியத்துப் பெண்கள் முறை வைத்து அவர் பக்கத்தில் இருக்கிறோம், அவள் வருகிறாள்.

என் மகன் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். பவுலோடு ஊழியம் செய்து, லூக்காவின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்ட தேமா, கடைசியில் பவுலை விட்டு அவன் போன தெசலோனிக்கே பட்டணத்தின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ரயிலடியில் அதைச் சொல்லி அவனை வதைக்கவில்லை. "சாப்பாட்டு மெஸ் தேடும் முன் சபையைத் தேடு. முதல் மாதத்துக்குள் ஒரு சபையில் உன் பெயரைக் கொடுத்துவிடு, பெயர் தெரிந்த இடத்தில்தான், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்" என்று மட்டும் சொன்னேன். போன வாரம் போன் செய்தான். வீட்டுக்குப் பக்கத்துச் சபையில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது, இன்னொன்று பஸ் ஏறிப் போகிற தூரம், இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அம்மா என்றான். பார், ஆனால் கிறிஸ்துமஸ்வரை பார்த்துக்கொண்டே இருக்காதே என்றேன். சிரித்துக்கொண்டே, அந்தத் தூரத்துச் சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் பலகாரம் கேட்கிறார்கள், தேன்குழல் இரண்டு கிலோ அனுப்ப முடியுமா என்று கேட்டான்.